மகள் அங்கே பேசுவதை என்னிடம் சொல்வார்களா?

தேனி மாவட்டத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு வயது 44, கூட்டுறவு வங்கியில் வேலை. கணவர் திராட்சைத் தோட்டம் பார்க்கிறார். ஒரே மகள், 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறாள், ஞாயிறுகளில் நீட் கோச்சிங். பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே இரண்டாவது மார்க் எடுத்த பெண், இப்போது யூனிட் டெஸ்ட்டில் பாஸ் ஆவதே பாடாக இருக்கிறது. சரியாகச் சாப்பிடுவதில்லை, ராத்திரி இரண்டு மணி வரை போன், தோழிகள் வீட்டுக்கு வருவது நின்றுவிட்டது. வெயில் கொளுத்துகிற நாளிலும் முழுக்கைச் சட்டைதான். ஒரு சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது சட்டைக் கை மேலேறி, முன்கையில் வரிசையாகக் கோடுகள் தெரிந்திருக்கின்றன. அம்மா அழுது, தன் தலையில் அடித்து, இனிமேல் செய்ய மாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். அப்புறம் மனசு கேட்காமல் அவள் தூங்கும்போது வாட்ஸ்அப் முழுவதையும் படித்துப் பார்த்திருக்கிறார், டைரியையும். மகளுக்கு அது தெரிந்துபோய், அன்றிலிருந்து வீட்டில் பேச்சே இல்லை.

மதுரையில் ஒரு சைக்காலஜிஸ்ட்டைப் பற்றித் தேடிப் படித்திருக்கிறார். 'பெரியவர்களுக்கும் டீன் ஏஜ் பிள்ளைகளுக்கும் தெரபி, சி.பி.டி., டி.பி.டி., சைக்கோடைனமிக்' என்று போட்டிருக்கிறது, ஒன்றும் புரியவில்லை என்கிறார். கணவர், 'அங்கெல்லாம் போனால் பைத்தியக்காரப் பட்டம் கட்டிவிடுவார்கள், நாளைக்குக் கல்யாணம் நடக்காது, போலீஸ் கேஸ்கூட ஆகலாம்' என்கிறார். மாமியார் மந்திரித்துக் கயிறு கட்டலாம் என்கிறார். உறவுக்காரர் ஒருவர், கைரேகையை ஸ்கேன் செய்து மூளையைப் பற்றிச் சொல்கிற இடம் இருக்கிறது என்கிறார்.

கேள்விகள் இவை: அந்த சைக்காலஜிஸ்ட் நல்லவர்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மகள் சொல்வதை என்னிடம் சொல்வாரா? மாத்திரை கொடுத்து அடிமையாக்கிவிடுவார்களா? கடைசியாக ஒரு வரி: 'எங்க அம்மா போய் ஒன்றரை வருஷம் ஆகப்போகிறது, எனக்கும் தூக்கம் இல்லை. மகள் கைக்குழந்தையிலிருந்து அவங்க அம்மாச்சிகூடத்தான் படுப்பாள். அதே ஆளிடம் நானும் காட்டலாமா?'

சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நேரில் பார்க்காமல் உங்கள் மகளுக்கு இன்னதுதான் என்று பெயர் வைக்க என்னால் முடியாது, அப்படிக் கடிதத்தை வைத்தே சொல்கிற யாரையும் நீங்களும் நம்ப வேண்டாம். ஆனால் சில விஷயங்களை உறுதியாகச் சொல்லலாம்.

முதலில் இந்த வாரத்துக்கு

கையைக் கீறிக்கொள்கிற எல்லாப் பிள்ளைகளும் சாக நினைப்பவர்கள் இல்லை. தாங்க முடியாத ஒரு மனநிலையிலிருந்து சில நிமிடம் வெளியே வர அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழியாக அது இருந்துவிடுகிறது. அதற்காக லேசாக விட்டுவிடவும் கூடாது, ஏனென்றால் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிறவர்களுக்குப் பின்னாளில் தற்கொலை ஆபத்தும் கூடுதல். எனவே கேளுங்கள். 'செத்துப்போயிடலாம்னு எப்பவாவது தோணுதாம்மா?' என்று நேராகவே கேளுங்கள். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் மனசில் புகுந்துவிடும் என்ற பயம் நிறைய பெற்றோருக்கு இருக்கிறது, அது தவறு. கேட்டால் பெரும்பாலும் பிள்ளைக்குப் பாரம் இறங்கும். 'ஆமா' என்று சொன்னால் திட்டாதீர்கள், அழுது அவள்மேல் விழாதீர்கள், அவளைத் தனியே விடாதீர்கள். எப்படி, எப்போது என்று யோசித்துவைத்திருக்கிறாள் என்று தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனை. தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை க.விலக்கில் இருக்கிறது, எந்த நேரமானாலும் அவசரப் பிரிவுக்குப் போகலாம். ராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416, மத்திய அரசின் டெலி மனாஸ் மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது, தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. நீங்களும் கூப்பிடலாம், அவளும் கூப்பிடலாம்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து இன்றைக்கே செய்யுங்கள். உங்கள் கணவர் திராட்சை போடுகிறவர், வீட்டிலோ திண்ணையிலோ பூச்சிமருந்து இருக்கும். அதைத் தோட்டத்து மோட்டார் அறையில் பூட்டிவைத்து, சாவியைக் கணவர் இடுப்பிலேயே வைத்துக்கொள்ளட்டும். வீட்டிலிருக்கும் மாத்திரைகளையும் பீரோவுக்குள் பூட்டுங்கள். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுவான பெட்டகத்தில் பூட்டிவைத்து எடுத்துக்கொள்கிற ஏற்பாட்டைச் சென்னையிலிருந்து போன தற்கொலைத் தடுப்பு ஆய்வாளர்கள் செய்துபார்த்தார்கள், மக்களும் ஏற்றுக்கொண்டார்கள், பலனும் இருந்தது. ஒரு பிள்ளைக்கு அந்த எண்ணம் உச்சத்தில் இருப்பது பல நேரம் சில நிமிடங்கள்தான், அந்த நிமிடங்களில் கைக்கு எட்டுகிற தூரத்தில் எதுவும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு.

சத்தியம் வாங்கினீர்களே, அதைப் பற்றி. பயத்தில் செய்தீர்கள், எந்தத் தாயும் செய்வாள். ஆனால் அது வேலை செய்யாது. மறுபடி அந்த மனநிலை வரும்போது அவளிடம் அதைத் தாண்டுவதற்கு வேறு வழி எதுவும் இருக்காது, கூடவே 'அம்மா தலைமேல் அடித்த சத்தியத்தை மீறிவிட்டேன்' என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்ளும், அதனால் இன்னும் ஆழமாக மறைப்பாள். அந்தச் சத்தியத்திலிருந்து அவளை விடுவித்துவிடுங்கள். 'அன்னைக்குப் பயத்துல சத்தியம் வாங்கிட்டேன், அதை மறந்துடு, திரும்பத் தோணினா என்னை எழுப்பு, நான் எதுவும் கேட்க மாட்டேன், பக்கத்துல உட்கார்ந்திருக்கேன்' என்று சொல்லுங்கள். போனையும் டைரியையும் படித்ததற்கு ஒரு மன்னிப்பும் கேளுங்கள். நீட்டி விளக்கம் வேண்டாம், 'படிச்சது தப்பு, இனி உன்னைக் கேட்காம எடுக்க மாட்டேன்' என்ற அளவில் போதும்.

சைக்காலஜிஸ்ட் என்ன படித்திருக்க வேண்டும்?

நம் நாட்டில் 'கவுன்சலர்' என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்ள முடிகிறது, வருத்தமான உண்மை. பத்து நாள் ஆன்லைன் கோர்ஸ் முடித்தவரும் அதே போர்டுதான் மாட்டுகிறார். அதனால் படிப்பைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதன்பின் மனநல மருத்துவத்தில் எம்.டி. போன்ற மேல்படிப்பு படித்த டாக்டர், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் உளவியல் முதுகலை முடித்து, அதற்கு மேல் மருத்துவமனைப் பயிற்சியோடு கூடிய படிப்பை முடித்தவர். இப்போது தொழிலில் இருக்கும் பலருக்கு அது இரண்டு வருட எம்.பில். நானும் அந்த வழியில் வந்தவள்தான். அந்த இரண்டு வருடமும் பாதி நேரம் வார்டில்தான் இருப்போம். நோயாளியின் கதையை மணிக்கணக்கில் கேட்டு எழுத வேண்டும், சோதனைகள் எடுக்க வேண்டும், ஒவ்வொரு கேஸையும் மூத்தவர் முன்னால் உட்கார்ந்து, ஏன் இப்படிச் சொன்னாய், ஏன் அங்கே அவசரப்பட்டாய் என்று கேட்கக் கேட்கப் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கண்காணிப்புதான் இந்தத் தொழிலின் உயிர், புத்தகத்தில் அது வராது. இவர்கள் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில் பதிவு செய்திருக்க வேண்டும். 1992-ம் வருடச் சட்டத்தின்கீழ் இயங்குகிற அமைப்பு அது. பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, அவர்களின் இணையதளத்திலேயே பெயரைத் தேடிச் சரிபார்க்கலாம். எண் கேட்டதும் முகம் சுளிக்கிறவரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

பதிவு இல்லாத, நல்ல கவுன்சலிங் உளவியலாளர்களும் உண்டு, படிப்பு டென்ஷன், தம்பதியர் சண்டை போன்றவற்றில் அருமையாக வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கையைக் கீறிக்கொள்கிற பெண்ணுக்கு, கிளினிக்கல் பயிற்சி உள்ளவரும், தேவைப்பட்டால் கைகோத்து வேலை செய்ய ஒரு சைக்கியாட்ரிஸ்ட்டும் இருக்கிற இடம்தான் சரி. படிப்புக்கு அப்புறம் கேட்க வேண்டிய ஒரே பெரிய கேள்வி: 'இந்த வயதுப் பிள்ளைகளோடு, இந்தப் பிரச்சினையில் எவ்வளவு காலமாக வேலை செய்கிறீர்கள்?' பெரியவர்களோடு மட்டும் வேலை செய்த திறமைசாலிக்கும் பதினாறு வயதுப் பிள்ளையின் மௌனம் புதிதாக இருக்கும்.

மூன்றே சிட்டிங்கில் குணம், நூறு சதவீதம் உத்தரவாதம், ஹிப்னாடிஸத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறேன் என்கிற இடங்களுக்குப் போக வேண்டாம். கைரேகை ஸ்கேன் சொன்னாரே உங்கள் உறவினர், டி.எம்.ஐ.டி. என்று பள்ளிகளில்கூட விற்கிறார்கள், அதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது, அந்தப் பணம் வேறு எதற்காவது உதவும். மாமியார் கட்டச் சொல்கிற கயிற்றைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. மகளுக்கு விருப்பம் இருந்தால் கட்டிக்கொள்ளட்டும், பாட்டியின் அன்பு அதில் இருக்கிறது. ஆனால் பேய் பிடித்திருக்கிறது என்று பயமுறுத்துவதோ, அடிப்பதோ, கயிறு கட்டியாச்சு இனி வைத்தியம் வேண்டாம் என்பதோ கூடாது.

சி.பி.டி., டி.பி.டி. என்றெல்லாம் போட்டிருப்பது

பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். நான் எப்படி வேலை செய்கிறேன் என்று சொல்கிறேன், அதிலேயே பெரும்பாலும் புரிந்துவிடும்.

பெரியவர்கள் தாமாக வருகிறார்கள். என்ன வேண்டும் என்று ஓரளவு சொல்லத் தெரியும், அதை வைத்து முதல் இரண்டு மூன்று சந்திப்பில் ஒரு திட்டம் போட்டுவிடலாம். டீன் ஏஜ் பிள்ளை அழைத்து வரப்படுகிறது. 'என்கிட்ட ஏதோ கோளாறுன்னு இழுத்துட்டு வந்திருக்காங்க' என்ற நினைப்போடு, கையைக் கட்டிக்கொண்டு, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். அதனால் முதல் நாள் நான் பிரச்சினையைத் தொடுவதே இல்லை, அல்லது கடைசிப் பத்து நிமிடத்தில்தான் தொடுவேன். முதலில் அம்மா அப்பாவோடு சேர்ந்து கொஞ்ச நேரம், அதில் என்ன ரகசியம், என்ன ரகசியம் இல்லை என்று எல்லார் முன்னிலையிலும் பேசிக்கொள்வோம். அப்புறம் பெற்றோர் வெளியே. வீடு, பள்ளி, தோழிகள், தூக்கம், போனில் என்ன பார்ப்பாள், எந்தச் சாப்பாடு பிடிக்கும் என்று சுற்றிவருவேன். அரை மணி நேரம் 'ம்', 'தெரியல' மட்டுமே பதிலாக வந்தாலும் அது வீணான அரை மணி நேரம் இல்லை. இவர் திட்டவில்லை, அறிவுரை சொல்லவில்லை, மறுபடி வந்து பார்க்கலாம் என்று அந்தப் பிள்ளை முடிவு செய்வது அப்போதுதான். மறுபடி வந்தாலே பாதி வேலை நடந்த மாதிரி.

சி.பி.டி. என்பது நினைப்பு, உணர்வு, செயல் மூன்றும் ஒன்றையொன்று இழுப்பதைக் கண்டுபிடித்து ஏதாவது ஒரு முனையில் அவிழ்ப்பது. 1960-களில் ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் மனச்சோர்வுக்காக உருவாக்கியது. நடைமுறையில் ஒரு நோட்டும் பேனாவும்தான். கெமிஸ்ட்ரி டெஸ்ட்டில் 50-க்கு 19 வாங்கிய ஒரு பிள்ளை நோட்டில் எழுதும்: 'நடந்தது: மார்க் க்ரூப்பில் போட்டார்கள். நினைத்தது: எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, இனி நான் எதற்கும் லாயக்கில்லை. எவ்வளவு நம்பினேன்: 95. செய்தது: கதவைப் பூட்டிக்கொண்டேன்.' அந்த 95-ஐ நான் மறுக்க மாட்டேன். 'அந்தக் க்ரூப்பில் உன்னைவிடக் குறைவாக வாங்கியவர் இருந்தால் அவளைப் பற்றி என்ன நினைப்பாய்?' என்று கேட்பேன். 'பாவம், கஷ்டமான பேப்பர்னு நினைப்பேன்' என்று வரும். சரி, அதையும் பக்கத்தில் எழுது. இப்போது எவ்வளவு? 70. அந்த 25 குறைந்தது போதும், அடுத்த வாரம் மறுபடி எழுதுவோம்.

டி.பி.டி.யை மார்ஷா லினஹான் என்ற அமெரிக்க உளவியலாளர், தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறவர்களுக்காகவே வடிவமைத்தார், பின்னாளில் இளம்பிள்ளைகளுக்கென்று அதை மாற்றி அமைத்தார்கள், பெற்றோரும் சேர்ந்து கற்றுக்கொள்வது அதில் உண்டு. உங்கள் மகளின் நிலையில் இதைக் கேட்டுப் பார்க்கச் சொல்வேன். உணர்வு உச்சிக்கு ஏறும் அந்தப் பத்து இருபது நிமிடத்தைக் காயமில்லாமல் தாண்டுவது எப்படி என்று பழகுவார்கள். முகத்தில் குளிர்ந்த தண்ணீர் அடிப்பது, வேகமாக மாடிப்படி ஏறி இறங்குவது, பாட்டு, யாரையாவது கூப்பிடுவது என்று அவளுக்கென ஒரு வரிசை. அதோடு, கீறிக்கொண்ட ஒரு நாளை எடுத்து, காலையிலிருந்து ஒவ்வொரு கண்ணியாகப் பின்னால் போய்ப் பார்ப்பார்கள். ஞாயிறு கோச்சிங் முடிந்து பஸ்ஸில் வரும்போதே அது தொடங்கியிருக்கலாம். ராத்திரி படுக்கையில் பக்கத்து இடம் காலியாக இருக்கும்போது தொடங்கியிருக்கலாம்.

சைக்கோடைனமிக் என்பது, இப்போதைய உறவுகளில் பழைய உறவுகளின் சாயல் எப்படி வருகிறது என்று நிதானமாகப் பார்ப்பது. பெரியவர்களிடம் இது எனக்கு நிறையப் பயன்படுகிறது, பிள்ளைகளிடம் ஆபத்து அடங்கிய பிறகுதான். ஆனால் எந்த முறையாக இருந்தாலும், தன்னை எடைபோடாத ஒருவர் எதிரில் உண்மையான அக்கறையோடு உட்கார்ந்திருக்கிறார் என்று வருகிறவர் உணர வேண்டும். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் 1957-லேயே இதை எழுதிவிட்டார், அப்புறம் வந்த எத்தனையோ ஆய்வுகளும், சிகிச்சை செய்பவருக்கும் வருபவருக்கும் இடையிலான உறவுக்குப் பலனில் பெரிய பங்கு இருக்கிறது என்றே சொல்கின்றன. நாலைந்து சந்திப்புக்குப் பிறகும் மகளுக்கு அவரைப் பிடிக்கவில்லை என்றால் ஆளை மாற்றுங்கள், அதில் யாருக்கும் அவமானம் இல்லை.

அவள் சொல்வது உங்கள் காதுக்கு வருமா?

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது இந்தக் கேள்விதான். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது, சிகிச்சை பெறுகிறவரின் விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 23-ம் பிரிவில் சொல்கிறது. ஆனால் 18 வயதுக்குக் கீழே இருப்பவருக்குச் சட்டப்படி பிரதிநிதி பெற்றோர்தான், அந்தப் பொறுப்பை நிறைவேற்றத் தேவையான விவரங்களைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எனவே 'ஒரு வார்த்தைகூட வெளியே போகாது' என்று உங்கள் மகளுக்கு யாராவது வாக்குக் கொடுத்தால் அவர் உண்மை பேசவில்லை.

ஆனாலும் அந்த உரிமையை நீங்கள் முழுசாகப் பயன்படுத்த வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன். டைரி படிக்கப்பட்ட பெண் அவள். இந்த அறையிலிருந்தும் கசியும் என்று தெரிந்தால் வாயைத் திறக்கவே மாட்டாள், நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் ஒரு மௌனத்துக்குக் கொடுத்ததாகப் போகும். உயிருக்கு ஆபத்து, யாராவது அவளைத் துன்புறுத்துகிறார்கள், அவளால் இன்னொருவருக்கு ஆபத்து, இந்த மூன்றும் உடனே உங்களுக்கு அல்லது உரியவர்களுக்குச் சொல்லப்படும். மற்றபடி எப்படிப் போகிறது, வீட்டில் என்ன மாற்ற வேண்டும் என்பதை, முடிந்தவரை அவளும் இருக்கும்போதே சொல்வோம். தோழி என்ன சொன்னாள், யாரைப் பிடிக்கும், உங்கள்மேல் என்ன கோபம், இதெல்லாம் அவளுடையது. வீட்டுக்கு வரும் வழியில், பஸ்ஸில் 'என்ன கேட்டாங்க, என்ன சொன்ன' என்று கேட்காமல் இருந்தீர்கள் என்றால் அதுவே நீங்கள் செய்கிற பெரிய உதவி.

ஒன்றைக் கட்டாயம் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் ரீதியாக ஏதாவது நடந்திருப்பது தெரியவந்தால், 2012 போக்சோ சட்டத்தின் 19-ம் பிரிவுப்படி நாங்கள் போலீஸிலோ சிறார் காவல் பிரிவிலோ தெரிவித்தே ஆக வேண்டும், தெரிவிக்காமல் விட்டால் எங்களுக்குத் தண்டனை உண்டு. இதை அந்தப் பிள்ளை பேசத் தொடங்குவதற்கு முன்பே விளக்கிச் சொல்கிறவர்தான் நேர்மையானவர்.

கணவரின் பயங்கள்

அவருடைய பயத்தைக் கிண்டல் செய்யாதீர்கள், ஒரே மகளைப் பற்றிய கவலைதான் அது. பட்டம் பற்றி: மனநலச் சிகிச்சை எடுத்தார் என்பதை மட்டும் வைத்து ஒருவரை சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று கொள்ள முடியாது, நீதிமன்றம் சொன்னால்தான் உண்டு என்று அதே 2017 சட்டம் தெளிவாகச் சொல்கிறது. மாப்பிள்ளை வீட்டார் போய்ப் பார்க்கிற மாதிரி எந்தப் பதிவேடும் இல்லை. போலீஸ் கேஸ் பற்றி: கையைக் கீறிக்கொண்டதற்கு வழக்கு இல்லை. தற்கொலை முயற்சிக்கே 2017 சட்டத்தின் 115-ம் பிரிவு, அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, பராமரிப்பு தர வேண்டும் என்கிறது. 2024 ஜூலை 1-ல் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைப் பொதுவாகக் குற்றமாக்கிய பழைய 309-ம் பிரிவும் இல்லை. பிடித்து அட்மிட் செய்துவிடுவார்களோ என்றால், 18 வயதுக்குட்பட்டவரை மனநலப் பிரிவில் சேர்ப்பது விதிவிலக்கான நிலையில் மட்டும்தான், அதுவும் நீங்கள் விண்ணப்பித்து, இரண்டு பேர் தனித்தனியே பரிசோதித்து, பெரியவர்கள் வார்டிலிருந்து பிரித்து, உடன் ஒருவர் தங்கி. உங்கள் மகளுக்கு இப்போது தேவைப்படுவது வாரத்துக்கு ஒரு மணி நேரம், அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது, நேரில் பார்ப்பவர் உறுதி செய்வார்.

மாத்திரை

சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுத மாட்டார். தேவை என்று பட்டால் சைக்கியாட்ரிஸ்ட்டிடம் அனுப்புவார். அப்படி அனுப்பினால் 'கைவிட்டுவிட்டார்' என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் மனச்சோர்வு உள்ள 12 முதல் 17 வயது வரையிலான 439 பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 2004-ல் வெளியானது. 12 வாரத்தில், ஃப்ளூவாக்ஸெட்டின் மாத்திரையும் சி.பி.டி.யும் சேர்த்துப் பெற்றவர்களில் 71 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம், மாத்திரை மட்டும் என்றால் 61, சி.பி.டி. மட்டும் என்றால் 43, மருந்தில்லாத வெற்று மாத்திரைக்கு 35. கொஞ்சம் கடுமையான மனச்சோர்வில் இரண்டும் சேர்ந்தால் நல்லது என்று எங்களில் பலர் சொல்வது இதனால்தான். இந்த வகை மருந்துகள் போதைப்பொருள் போல ஏங்கவைப்பவை இல்லை. ஆனால் தொடங்கும் சில வாரங்களில் இளம் வயதினரில் சிலருக்குப் படபடப்பும் தற்கொலை எண்ணமும் கூடலாம், எனவே அப்போது கூர்ந்து கவனிக்க வேண்டும், டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தவும் கூடாது. தூக்கத்துக்கென்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குகிற மாத்திரைகள் வேறு ரகம், அவற்றில் பழகிப்போகிற ஆபத்து நிஜம். உங்கள் கைப்பையில் இருந்தால் அதைப் பற்றியும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

உங்களுக்கு

கடைசி வரியாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் முதல் வரியாகப் பட்டது. உங்கள் அம்மா இறந்தது உங்களுக்கு இழப்பு. கைக்குழந்தையிலிருந்து பக்கத்தில் படுத்த அம்மாச்சியை இழந்தது உங்கள் மகளுக்கும் இழப்பு. கடிதம் முழுவதிலும் அவள் அழுததாக ஒரு இடத்தில்கூட இல்லை. நீங்கள் உடைந்துபோய் இருக்கும்போது, அம்மாவை இன்னும் அழவைக்கக் கூடாது என்று பிள்ளைகள் தங்கள் துக்கத்தை விழுங்கிக்கொள்வதுண்டு. அவளுக்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, மார்க், நீட், வேறு ஏதோ நமக்குத் தெரியாதது, எல்லாம் இருக்கலாம். ஆனால் ஒரு நாள் ராத்திரி அம்மாச்சியைப் பற்றி நீங்கள் பேச ஆரம்பித்துப் பாருங்கள், அவள் பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

நீங்களும் காட்டிக்கொள்ளத்தான் வேண்டும், ஆனால் அதே ஆளிடம் வேண்டாம். 'அம்மாவும் இவர்கிட்டதான் பேசறாங்க' என்றால் மகளுக்கு அந்த அறை சொந்தமாகாது, அவருக்கும் யார் பக்கம் பேசுவது என்று சிக்கல். அவரிடமே இன்னொருவர் பெயர் கேளுங்கள். துக்கத்தைப் பேசித் தீர்ப்பது ஒரு பக்கம் இருக்க, தூக்கமின்மைக்கென்றே தனியாக ஒரு சி.பி.டி. (CBT-I) உண்டு, நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் அதைத்தான் முயல வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2016-ல் பரிந்துரைத்தது. இப்போதைக்கு இரண்டு விஷயம்: எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்துவிடுங்கள், படுத்து இருபது நிமிடம் போல் ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து கூடத்தில் உட்காருங்கள், கண் சொக்கும்போது மறுபடி படுங்கள்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யோசித்திருப்பீர்கள். தனியார் கட்டணம் ஆளுக்கு ஆள் மாறும், போனிலேயே கேளுங்கள், மாதத்தில் எத்தனை முறை வர வேண்டியிருக்கும் என்றும் கேளுங்கள். வாராவாரம் மதுரைக்குப் போவது முடியாது என்றால் முதல் சில சந்திப்புகள் நேரிலும் அப்புறம் வீடியோவிலும் என்று பேசிப் பாருங்கள், வீட்டில் கதவைச் சாத்திக்கொள்ள அவளுக்கு ஒரு அறை இருந்தால் மட்டும். க.விலக்கு மருத்துவமனையிலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, கட்டணம் இல்லை, கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும். மருத்துவக் காப்பீட்டில் மனநோய்க்கும் உடல்நோய்க்கும் ஒரே அடிப்படையில் வசதி தர வேண்டும் என்று சட்டத்தின் 21-ம் பிரிவு சொல்கிறது, ஆனால் பெரும்பாலான பாலிசிகள் அட்மிட் ஆனால்தான் பணம் தரும், கவுன்சலிங் கட்டணம் அதில் வராது. வங்கியில் உங்களுக்கு இருக்கும் பாலிசியை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

திங்கட்கிழமை மதுரைக்குப் போன் செய்யும்போது மகளிடம் முதலில் சொல்லிவிடுங்கள். டாக்டரிடம் செக்கப் என்று பொய் சொல்லி அழைத்துப் போக வேண்டாம். 'நாம ரெண்டு பேருமே கஷ்டப்படறோம், எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல, தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட போவோம், ஒரு தடவை வந்து பாரு, பிடிக்கலைன்னா வேற ஆள் பார்ப்போம்' என்று சொல்லுங்கள். எந்த நாள், எத்தனை மணி என்பதை அவளே முடிவு செய்யட்டும். கணவரையும் முதல் நாளுக்குக் கூப்பிடுங்கள், அவருடைய சந்தேகங்களை அவரே அங்கே கேட்கட்டும். அவர் வரவில்லை என்றால் நீங்கள் இருவர் மட்டும் பஸ் ஏறுங்கள், அவருக்காகத் தேதியைத் தள்ளிப்போட வேண்டாம்.